மஞ்சள் சால்வையைப் பிடித்த கேமரா

சனிக்கிழமை மாலை ஐந்தே கால். நாற்பத்தொரு படங்கள். எடுக்க நினைத்தது என் மனைவி விஜயாவை. ஒன்றில்கூட அவள் இல்லை.

மஞ்சூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். சனிக்கிழமை பஸ்ஸில் ஊட்டி வருவாள். திங்கள் விடியலில் போய்விடுவாள். மற்ற நாட்களில் ஊட்டி காந்தலில் இருக்கும் எங்கள் வீடும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூட்டத்தில் என்னைத் தேடுவாள். இரண்டு நொடி. அந்த முகம் எனக்கு வேண்டும், அவள் இல்லாத நாட்களுக்கு. ஆனால் கேமராவைக் கண்டால் ஆதார் அட்டை முகமாகிவிடும். கூட வேலை பார்க்கும், அதே பஸ்ஸில் வரும் மலையாள நர்ஸ் லிஜி கேலி செய்கிறாளாம். பஸ் ஸ்டாண்டில் படமே கூடாது என்று தடையும் போட்டிருந்தாள்.

திருட்டுத்தனமாக எடுப்பதென்று முடிவு செய்தேன். நகரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் வசதி என் கேமராவில் உண்டு. முதல் வாரம் ஒருவர் கேரட் மூட்டையோடு குறுக்கே போனார். ஃபோகஸும் கூடவே போய்விட்டது. கையேட்டைப் படித்தேன். யார் குறுக்கிட்டாலும் உடனே தாவாமல், பிடித்த ஆளையே பிடித்துக்கொள்ளும்படி மாற்றலாமாம். மாற்றினேன். கணவர்களுக்கு அது தாலி கட்டும்போதே மாற்றப்பட்டுவிடுகிறது.

அடுத்த வாரம் பனிமூட்டம். கேமராவுக்கு முகமே அகப்படவில்லை. முகம் தெரியாவிட்டால் நிறத்தைப் பிடிக்கச் சொல்லலாம் என்றது கையேடு. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்குக் குளிரும். அந்த மஞ்சச் சால்வையப் போத்திட்டு வா."



"ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தானுங்க. கல்யாணமாகிப் பதினோரு வருசம். எனக்குக் குளிரும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்குது."

"ஒரு அக்கறைதான்."

"செரிங்க."

இருபது வருடம் நாளிதழில் செய்தி எழுதியவன், அந்தச் 'செரிங்க'வைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

மறுநாள் பஸ் வந்தது. தூணுக்குப் பின்னால் நின்றேன். பனிக்குள் மஞ்சள் இறங்கியது. ஃபோகஸ் கவ்வியது. குறுக்கே மூட்டை, குடை, ஒரு நாய், விடவேயில்லை. நானும் அழுத்திய விரலை எடுக்கவில்லை. மஞ்சள் நேராக என்னிடம் வந்து நின்றது.

"சேட்டா, போதுமோ? இன்னும் கொஞ்சம் நடக்கட்டா?" என்றாள், விஜயாவின் சால்வையைப் போர்த்தியிருந்த லிஜி.

நாற்பத்தொன்றிலும் லிஜி. கடைசிப் படத்தில் இமை முடி வரை துல்லியம்.

கேமராவை இறக்கிவிட்டு, அவள் தலைக்கு மேலே எட்டி, காலியான பஸ்ஸைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து டீக்கடையிலிருந்து விஜயா வந்தாள். பஸ்ஸின் பின் வாசல் வழியாக இறங்கியிருக்கிறாள். போனை நீட்டினாள். அதில் நான். வாய் லேசாகத் திறந்திருக்க, பஸ் வாசலில் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"எந்த செட்டிங்ல எடுத்தே?"

"செட்டிங் எதுக்குங்க? நீங்க எங்க நகர்றீங்க? வாராவாரம் இப்படியேதான் நிக்கறீங்க."

"அதை அழிச்சிரு."

"மாட்டேனுங்க. அங்க நைட் டியூட்டியில எனக்கு வேண்டாங்களா?"

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் ஆண்டு விழாப் புகைப்படப் போட்டியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. செய்தியை நாளிதழுக்கு எழுதி அனுப்பியது நான்.