வயர்லெஸ்காரிக்கு வந்த முகமலர்ச்சிப் பயிற்சி

நாட்டைக் காப்பாற்றும் பொறுப்பு படையிடம் இருக்கிறது. படைக்கு ஆள் போதாமல் போனால் கூப்பிடுவதற்கென்று ரிசர்வ் படை இருக்கிறது. அந்த ரிசர்வ் படையிலும் முன்வரிசையில் நிற்க உயரம் போதாதவர்கள், ஓட மூச்சு போதாதவர்கள், கத்தத் தொண்டை போதாதவர்கள் என்று சிலர் மிஞ்சுவார்கள். அவர்களை வயர்லெஸ் பிரிவில் போடுவார்கள். பூனைக்கு மூன்றுமே போதாது. ஆகவே அவளைத் தேர்ந்தெடுத்ததில் எந்தத் தவறும் நடக்கவில்லை.

பூனை என்பது பிரிவில் அவளுக்கு வைத்த பெயர். அவள் அறைக்குள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒருமுறை அவள் உள்ளே இருக்கும்போதே விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகிறவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று அவளும் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு வயர்லெஸ் பிடித்துப்போனது. பேசுகிறவள் முகம் யாருக்கும் தெரியாது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டால், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை எவரும் குறுக்கே விழ முடியாது. வீட்டிலும் கடையிலும் பஸ்ஸிலும் கிடைக்காத மரியாதை அவளுக்கு அந்த ஒரு பொத்தானில் கிடைத்தது.

நடுவில் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. குழந்தைக்குப் பல் முளைத்த பிறகு பிரிவுக்குத் திரும்பிப் போனால், பழைய வயர்லெஸ் செட்டுகளைக் காணோம். புது செட் வந்திருந்தது. பழையதில் திருப்பி இயக்க நாலு திருகு இருக்கும். இதில் ஒரு திருகுகூட இல்லை. கறுப்பாக, வழவழவென்று, பார்க்கிறவர் முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எங்கே தொட்டால் அதற்கு உயிர் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கலாமென்றால், மற்ற ஆபரேட்டர்கள் எல்லோரும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகு சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அதைத் துணியால் துடைத்துக்கூட வைத்தார். இவ்வளவு அழகாகத் துடைக்கிறவருக்கு இயக்கத் தெரியாமலா இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வருஷப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் காலம் வந்தது. யாருக்கும் தெரியாமல் புது செட்டைக் கற்றுக்கொள்ள அவளுக்கு இதைவிட்டால் வழியில்லை. கற்றுக்கொள்ளாவிட்டால் அடுத்த பெருமழைக்கு அவளை ஏதோ ஒரு மேட்டில் உட்காரவைத்து, பேசு என்பார்கள். கீழே இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் அவள் குரலுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார்கள். அவள் மேலே செட்டில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த நினைப்பு வந்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"தெரியலன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்றான் புருஷன், குழந்தையின் வாயிலிருந்து தன் சட்டை நுனியை உருவிக்கொண்டு.

"எப்படிங்க சொல்றது? இத்தனை வருஷமா ஆபரேட்டர்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுட்டு."

"வாயாலதான்."

"வயர்லெஸ்ல கேட்டாங்கன்னா பட்டுன்னு சொல்லிடுவேன்."

"அதைப் போடத்தானே உனக்குத் தெரியல" என்றான் அவன். குழந்தை அப்பா பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தது.

மறுநாள் பிரிவு அலுவலகத்துக்குப் போனாள். பயிற்சி அதிகாரி அப்போதுதான் ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார். போகும்போது நாற்காலியில் உட்காருகிற மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தபோது பெரிய ரப்பர் பந்து ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நாற்காலி சிந்தனையை மழுங்கடிக்கிறது என்று மாநாட்டில் நிரூபித்துவிட்டார்களாம். அலுவலகத்தில் இருந்த நாற்காலிகள் அத்தனையும் அகற்றப்பட்டுவிட்டன. அவர் பந்தின்மேல் உட்கார்ந்து மெல்ல எழும்பி எழும்பி உத்தரவு போட்டார். கிளார்க் அக்கா மட்டும் நின்றுகொண்டே தட்டச்சு செய்தாள், பந்து ஒன்றுதான் வந்திருந்தது.

அன்றைய உத்தரவின் பெயர் 'தேர்வுச் சுதந்திரம்'. அதன்படி இனி எந்தப் பயிற்சியையும் யார்மீதும் திணிக்கக் கூடாது. அவரவர் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காதவர்கள் பிரிவிலிருந்து நீக்கப்படுவார்கள்.

பூனை கிளார்க் அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா தற்செயலாகத் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"எப்ப வந்த? என்ன வேணும், சொல்லு."

"புது செட் பயிற்சி..."

"அது உனக்குக் கிடையாது. அது தெரியாதவங்களுக்கு. நீ ஆபரேட்டர். ஆபரேட்டருக்குச் செட்டைப் பத்திச் சொல்லிக்கொடுத்தா வீண்செலவுன்னு போன வருஷமே கணக்குத் தணிக்கையில ஆட்சேபணை வந்துடுச்சு."

"இல்லக்கா, ஒரு பேச்சுக்கு... ஒருத்தருக்குத் தெரியலன்னு வைங்களேன்."

அக்கா தட்டுவதை நிறுத்தினாள். பந்து எழும்புவதும் நின்றது.

"யாருக்கு?" என்றார் அதிகாரி.

"யாருக்கும் இல்ல சார். சும்மா கேட்டேன்."

"நல்லவேளை" என்று அதிகாரி மறுபடி எழும்பத் தொடங்கினார். "தெரியாத ஆபரேட்டர் ஒருத்தர் இருந்தா, எல்லாருக்கும் தெரியும்னு இதுவரைக்கும் நான் மேலிடத்துக்கு எழுதினது பொய்யாயிடும். நான் பொய் எழுத மாட்டேன். ஆகவே அப்படி ஒருத்தர் இல்ல. புரியுதாம்மா?"

"புரியுது சார்."

"புது செட் பயிற்சிக்குச் சமையல்காரரை அனுப்பறோம். அவருக்குச் சுத்தமா தெரியாது. இல்லாத அறிவை நிரப்பறதுதானே பயிற்சி. சரி, நீங்க என்ன தேர்ந்தெடுக்கறீங்க? சுதந்திரமா சொல்லுங்க."

பூனை வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து ஒன்றும் புறப்படவில்லை.

அதிகாரி அவளைக் கனிவோடு பார்த்தார். "பாருங்க, முகத்துல ஒரு மலர்ச்சியே இல்ல. உங்களுக்கு முகமலர்ச்சி மற்றும் உடல்மொழி வழித் தொடர்புப் பயிற்சி. நல்லா தேர்ந்தெடுத்தீங்க."

அவளும் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். நன்றி மட்டும் தெளிவாக வந்தது.

பயிற்சி நடந்த கூடத்துக்குள் போனால் மொத்த வயர்லெஸ் பிரிவும் அங்கே உட்கார்ந்திருந்தது. செட்டைத் துடைத்தவரும் இருந்தார். எல்லோரும் இதையே சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்தார்.

"மனுஷங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசறதுல வாய் வெறும் ஒரு ஓரம்தான்" என்றார் அவர். "மிச்சமெல்லாம் கண்ணு, கை, சிரிப்பு. கையைத் தூக்கி உள்ளங்கையைத் திறந்து காட்டுங்க. முழங்கை விறைப்பா இருக்கணும். இப்ப சிரிங்க."

பின்வரிசையிலிருந்து துடைக்கிறவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "மேடம், எங்க பேச்சைக் கேக்கறவங்க மலைக்கு அந்தப் பக்கம் இருப்பாங்க."

"அப்படின்னா இன்னும் நல்லா சிரிக்கணும்" என்றார் அம்மாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே.

பூனை வீட்டுக்கு வந்தும் விடாமல் பழகினாள். படிப்பு அதிகம் இல்லாதவள். யாராவது ஏதாவது சொல்லிக்கொடுத்தால் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்வாள். சமையலறை வாசலில் நின்று உள்ளங்கையைத் திறந்து, முழங்கையை விறைத்து, பல் தெரியச் சிரித்தாள். குழந்தை உதட்டைப் பிதுக்கியது. புருஷன் தட்டைக் கீழே வைத்தான்.

"எதை உடைச்ச?"

"ஒண்ணும் இல்லைங்க. நட்பா நிக்கறேன்."

"பயமா இருக்கு. பழையபடியே நில்லு."

சமையல்காரர் அண்ணன் புது செட் பயிற்சி முடித்துத் திரும்பினார் என்று கேள்விப்பட்டதும் பூனை சமையல்கூடத்துக்கு ஓடினாள். மனதில் ஒரு திட்டம் இருந்தது. அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்துவிடலாம்.

"பயிற்சி எப்படி இருந்துச்சுண்ணே?"

"அருமை. முதல்ல அறிமுகப் படலம். வட்டமா நின்னு பந்தைத் தூக்கிப் போட்டுப் பேரைச் சொன்னோம். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சோம். நம்பிக்கை வளருதாம். என்மேல ஒரு டிரைவர் சாஞ்சான், இன்னும் முதுகு வலிக்குது."

"செட்டு?"

"கடைசி நாள் கொண்டாந்தாங்க. பெட்டியோட."

"திறந்து?"

"திறந்தா கம்பெனிக்காரன் பொறுப்பில்லைன்னு மேல ஒட்டியிருந்துச்சு. அதனால பெட்டியைச் சுத்தி வந்து பார்த்தோம். நல்ல கனமான பெட்டி." அவர் கரண்டியைத் துடைத்து மாட்டினார். "ஏம்மா, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. உள்ள எப்படி இருக்கும்?"

"கறுப்பா இருக்கும்ணே" என்றாள் பூனை.

அந்த வருஷத்துப் பெரிய ஒத்திகை வந்தது. ஆற்றுப் பாலம் உடைந்துபோனதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. பாலம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் உத்தரவுப்படி அது உடைந்துவிட்டது. பாலத்துக்கு மேலே உள்ள மேட்டில் பூனை. அவள் வயர்லெஸில் செய்தி சொல்ல வேண்டும், சாலை முனையில் உள்ள ஆபரேட்டர் கேட்டு, படையின் லாரிகளைத் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பூனை செட்டைத் தொட்டாள், தடவினாள், திருப்பினாள், தட்டினாள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி மெல்லக் குலுக்கினாள். அது அவள் முகத்தை அவளுக்கே காட்டியது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த சமையல்காரர் அவள் வேலையைக் கெடுக்கக் கூடாதென்று மரியாதையாகத் தள்ளி நின்றார். கீழே, சாலை முனையில், துடைக்கிறவர் தன் செட்டின் முன்னால் முதுகு வளையாமல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

தூரத்தில் தூசி கிளம்பியது. லாரிகள்.

பூனை செட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓட மூச்சு போதாதவள், சரிவாக இருந்ததால் எப்படியோ ஓடினாள். சாலை நடுவில் போய் நின்றாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். தொண்டை கைவிட்டது. உடனே கை தானாக எழுந்தது. உள்ளங்கை திறந்து, முழங்கை விறைத்து, முகம் மலர்ந்து நின்றாள்.

முதல் லாரி டிரைவர் அதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அவரும் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். விதிப்படி அந்த லாரியில் இருந்த அத்தனை பேரும் ஆற்றில் மூழ்கிவிட்டார்கள். சாயங்காலம்வரை மரத்தடியில் பிணமாக உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு கேட்டபோது, இறந்தவர்களுக்கு வழங்க உத்தரவில்லை என்று சமையல்காரர் வருத்தத்தோடு மறுத்துவிட்டார்.

இரண்டாவது லாரி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"எங்கம்மா போகணும்? ஏறிக்க."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். என்ன ஏது என்று கேட்க டிரைவர் இறங்கினார். அதற்குள் அவர் பின்னால் வந்த வண்டிகளும் நின்றுவிட்டன. ஒத்திகை வெற்றி பெற்றது.

பயிற்சி அதிகாரி அன்றே மேலிடத்துக்கு எழுதினார்: வயர்லெஸ் மூலம் ஒரு லாரிகூட நிறுத்தப்படவில்லை; முகமலர்ச்சி மூலம் ஒரே ஒரு லாரியைத் தவிர மற்ற எல்லா லாரிகளும் நிறுத்தப்பட்டன. எந்தப் பயிற்சி பயனுள்ளது என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மேலிடமும் முடிவு செய்தது. பாராட்டுக் கூட்டம் ஒன்று ஏற்பாடாயிற்று. பெரிய அதிகாரியே நேரில் வந்தார். மொத்தப் பிரிவும் கூடத்தில் நின்றது. பூனையை மேடையில் ஏற்றி, எல்லோரும் பார்க்கும்படி விளக்குக்குக் கீழே நிறுத்தினார்கள். இனி முகமலர்ச்சிப் பயிற்சிக்கு அவள்தான் உதவி ஆசிரியை என்று அறிவித்தார்கள். எந்த முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று வயர்லெஸுக்கு வந்தாளோ, அந்த முகத்தை இப்போது பிரிவே பார்த்துப் பழக வேண்டியிருந்தது.

பெரிய அதிகாரி நல்ல மனிதர். வயதானவர், நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது சட்டென்று நின்று கேட்டார்.

"ஒரு விஷயம். இந்தப் புது செட்டை எனக்கே போடத் தெரியல. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? உங்கள்ல யாருக்காவது தெரியலன்னாலும் பரவாயில்ல, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நாளைக்கே நல்ல ஆளா வரவழைச்சு, பெட்டியைப் பிரிச்சு, முதல்லேருந்து சொல்லித்தரச் சொல்றேன். தெரிஞ்சவங்க மட்டும் கையைத் தூக்குங்க, பார்ப்போம்."

இத்தனை நாள் பூனை வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவித்த ஒன்றை இப்போது தட்டில் வைத்து நீட்டினார்கள். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். கையைத் தூக்காமல் சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவள் கீழே பார்த்தாள். துடைக்கிறவர் கையைத் தூக்கினார். அவர் தூக்கியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். கிளார்க் அக்கா தூக்கினாள். பயிற்சி அதிகாரி தூக்கினார். ஒவ்வொரு கையாக எழுந்து, கூடம் முழுக்கத் திறந்த உள்ளங்கைகளும் மலர்ந்த முகங்களுமாக நிறைந்தது. முழங்கைகளில் ஒரு சின்ன வளைவுகூட இல்லை.

ஒரே ஒருவர் மட்டும் தூக்கவில்லை. வாசலில் டீத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற சமையல்காரர்.

"அவரை மட்டும் மறுபடி அனுப்புங்க" என்றார் பெரிய அதிகாரி திருப்தியோடு. "பெட்டியைப் பிரிச்சு நல்லா சொல்லிக்கொடுக்கட்டும்."

அவர் குரல் கேட்டுத்தான் பூனை நிமிர்ந்து பார்த்தாள். எல்லாக் கைகளுக்கும் மேலே, மேடையில், விளக்குக்குக் கீழே, மற்ற எல்லோரையும்விட விறைப்பாக நின்றுகொண்டிருந்தது அவளுடைய கைதான். எப்போது எழுந்தது என்று அவளுக்கே தெரியாது. இறக்கிவிடலாம் என்று பார்த்தாள். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று அந்தப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.