படத்தில் இருந்த நாலாமவர்

புத்தூர் வாசிகசாலையின் நாற்பதாவது ஆண்டு மலரில் ஒரேயொரு பெயர்தான் பாக்கி. அந்தப் பெயர் ஆழ்வாப்பிள்ளை வாத்தியாரின் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

1898இல் வாசிகசாலையைத் தொடங்கிய அன்று எடுத்த படம் அது. கதிரைகளில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரை ஊரே அறியும், மூவரும் காலமாகிவிட்டார்கள். நாலாமவர் யாரென்றுதான் தெரியவில்லை. மற்றவர்கள் வெறும் சால்வையோடு இருக்க, அவர் மட்டும் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகக் கம்பீரமாக இருந்தார்.

"பேர் தெரியாதெண்டு எழுதுங்கோவன்," என்றாள் மனைவி பாலேஸ்வரி.

"சரித்திரம் எழுதிறவன் தெரியாதெண்டு எழுதினால் ஊர் சிரிக்காதே?"

பாவம், வாத்தியாரின் பெயர் அச்சில் வரப்போகும் முதல் புத்தகம் அது. அதனால் ஊரில் விசாரித்தார். அங்கேதான் சனி பிடித்தது.

"உது எங்கடை பெரியப்பு. மூக்கைப் பாருங்கோ, வாத்தியார்," என்றார் கதிரவேலு.

"உவையின்ரை ஆக்களிலை ஆர் கோட்டுப் போட்டது? அவர் எங்கடை அம்மாவின்ரை தமையனார்," என்றார் நமசிவாயம்.

மூக்கை நம்பி எழுத முடியாது, பத்திரிகைதான் சாட்சி என்று வாத்தியார் பழைய பத்திரிகைக் கட்டுகளை அவிழ்த்தார். மூன்று நாள் தும்மியபின் செய்தி கிடைத்தது: 'புத்தூரிலே கனவான்கள் மூவர் கூடி வாசிகசாலை ஸ்தாபித்தனர்.'

செய்தியில் மூவர், படத்தில் நால்வர். வாத்தியாருக்குப் புல்லரித்தது. நாலாமவர் தம் பெயரே வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு பெரிய மனசு என்று வாசிகசாலைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

அப்படிப்பட்ட மனிதரை இனி யார் விட்டுக்கொடுப்பார்கள்? தங்கள் குடும்பத்துப் பெயர் வராவிட்டால், தாங்கள் கொடுத்த மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு போவோம் என்றார் கதிரவேலு. நமசிவாயம், எல்லோரும் உட்கார்ந்திருந்த, தாங்கள் கொடுத்த வாங்குகளைத் தடவிப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல், 'இரு குடும்பத்துக்கும் உறவான பெருந்தகை' என்று எழுதினார் வாத்தியார். அந்த முகத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டுவதென்றும், இருவரும் சேர்ந்தே மாலை போடுவதென்றும் ஒரு மாதிரிச் சமாளித்தார்.

விழாவன்று மாலை விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படக்காரர் வாத்தியாரையும் கதிரவேலுவையும் நமசிவாயத்தையும் சுவர்ப் படத்தின் கீழே நிறுத்தினார்.

"மூண்டு பேராய் நிண்டு படம் எடுக்கப்படாது. ஒருத்தருக்கு ஆகாது," என்று கதிரவேலு விலகினார்.

நாலாவது ஆளாகத் தன் தம்பியைக் கூப்பிட்டார். நமசிவாயம் முறைத்தார். நமசிவாயம் மருமகனைக் கூப்பிட்டார். கதிரவேலு முறைத்தார். படக்காரர் வெயிலைப் பார்த்தார். வாத்தியார் வீதியைப் பார்த்தார். கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டுவரும் மரியரட்ணம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஆள்.

"மரியரட்ணம், ஒருக்கா வந்து பக்கத்திலை நில்லும். மூண்டு பேராய் எடுக்கேலாதாம்."

மரியரட்ணம் மீன் கடகத்தை வேலியடியில் வைத்துவிட்டு, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். மாலை போட்ட படத்தை அண்ணாந்து பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"எங்கடை அப்புவையும் அண்டைக்கு உப்பிடித்தான் கூப்பிட்டு இருத்தினவை, ஐயா, உந்தக் கோட்டு மட்டும் படக்காரன்ரை."