சித்தி கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை

புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டவர்களை விசேஷ வீடுகளின் பக்கமே விடக் கூடாது. நான் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்ட சமயத்தில் வந்த விசேஷமோ, என்னுடைய கல்யாணம்!

அழைப்பிதழாக நானே ஓர் இணையப் பக்கம் செய்தேன். மேலே தேதியும் மண்டபமும். நடுவே ஒரு பொத்தான். கடைசியில் என் படமும் மாப்பிள்ளை பிரபுவின் படமும், அடுத்தடுத்து ஜோடியாக. பொத்தானை அழுத்தினால் மாப்பிள்ளை மறைவார். மறுபடி அழுத்தினால் வருவார். (எதற்கு என்று கேட்காதீர்கள்.) அவர் படத்தைச் சும்மா மறைத்திருந்தாலே போதும். மேதாவி நான், அதை அப்படியே கழற்றி, நிரலுக்குள் பத்திரப்படுத்தி, திரும்பவும் சேர்த்தேன். சேர்க்கச் சொன்னால் நிரல் படத்தைப் பக்கத்தின் கடைசியில்தான் கொண்டுபோய் ஒட்டும். கடைசியில் நாங்கள்தானே இருந்தோம்? எல்லாம் சரியாகவே நடந்தது.

பல்லாவரத்தில் இருக்கும் பிரபு வீட்டாருக்கு அதைக் காட்டக் கிளம்பிய அன்று, சேலையூரிலிருந்து அக்கா போன் செய்தாள். "என் பசங்க இல்லாம ஒரு பத்திரிகையாடி?" அவசரமாக, எங்களுக்குக் கீழே அவளுடைய மூன்று வாண்டுகளின் படத்தையும் ஒரு வரியையும் சேர்த்தேன். பொத்தானைச் சோதித்துப் பார்க்கவில்லை.

பிரபுவுக்கு அப்பா இல்லை, வளர்த்தவர் பெரியப்பா. எங்கள் காதலுக்கு அரை மனதாகத் தலையாட்டியவர், என்னிடம் அதுவரை "வாம்மா"வுக்கு மேல் பேசியதில்லை. அவரை அசத்திவிடும் முடிவோடு, டிவியில் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினேன்.

பிரபு மறைந்தார். கூடம் முழுக்கக் கைதட்டல். மறுபடி அழுத்தினேன்.

வரவில்லை.

"புள்ள எங்கம்மா?" என்றார் பிரபுவின் அம்மா, சற்றே கலவரமாக.

பதறிப்போய்த் திரையைக் கீழே தள்ளினேன். அங்கே இருந்தார். முன்பல் விழுந்த மூன்று வாண்டுகளுக்கு அடுத்து, முறுக்கிய மீசையோடு நான்காவதாக. எல்லோருக்கும் மேலே கொட்டை எழுத்தில்: "எங்க சித்தி கல்யாணத்துக்கு மறக்காம வந்துடுங்க!"

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "ஏண்டா பிரபு, இவ உனக்குச் சித்தின்னா, எனக்கு என்ன முறை வேணும்?"

வீடே வெடித்துச் சிரித்தது. நான் மட்டும் மொட்டைமாடிக்கு ஓடிப் போய் அழுதேன். (ஓடும்போது டிவியை அணைக்கத் தோன்றவில்லை. அதுவும் மேதாவித்தனம்தான்.)

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்தவர் பெரியப்பா.

"அழாதம்மா. என் தம்பி போனதுக்கப்புறம் இந்த வீட்ல யாரும் இப்படிச் சிரிச்சதில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மண்டபத்துல மட்டும் அவன உன் பக்கத்துலயே உக்கார வெச்சிடு. அது போதும்."

அப்புறம் அழுகை நிற்க இன்னும் நேரமானது.

அன்றிரவே சரிசெய்தேன். படத்தைக் கழற்றும்போது அது இருந்த இடத்தில் ஒரு காலி அடையாளத்தை விட்டுவைக்க வேண்டும். திரும்பும்போது அங்கேயே பொருத்த வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த வீட்டில் என் பெயர் போனது போனதுதான். பெரியப்பா உட்பட எல்லோருக்கும் நான் சித்தி. போன வாரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். பிரபு தூரத்திலிருந்து "சித்தி! சித்தி!" என்று கத்திக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தக்காளி விற்கும் அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, உன் சித்தி உன்னவிடச் சின்னதா கீது?"