சிறுவாணியைக் காய்ச்சியவர்

இட்லி மாவிலும் அது இருந்தது.

வரதராஜுலு கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தார். உடனே டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்து, மாவுப் போசியைத் தூக்கிப் போய்க் கொல்லையில் கவிழ்த்தார்.

"ஏனுங்க, அது இப்பத்தான் பொங்கி வந்துச்சு. என்ன பண்றீங்க?" என்றாள் வரலட்சுமி.

"மாவுல அது இருக்குது."

"எது?"

"எந்த மருந்துக்கும் சாவாதது."

"அந்த மாவுல சுட்ட இட்லியத்தான் காலைல ஏழு தின்னீங்க. நீங்களும் சாவலயே."

வரதராஜுலுவின் காதுகள் சிவந்தன. கோபம் வந்தால் அவருக்கு முதலில் காதுதான் சிவக்கும். வீட்டில் அதற்கு மேல் எதுவும் நடக்காது. அந்தக் காதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதற்கே வரலட்சுமிக்கு அந்த நாட்களில் பாதிப் பொழுது போய்விடும்.

அவர் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர். மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்களைத் தேடுவது அவருடைய ஆராய்ச்சி. முறை எளிதுதான். தட்டில் கிருமியைப் பூசி, அதன்மேல் மருந்தில் ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்பார். மருந்து வேலை செய்தால், மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெறுமையாக ஒரு வட்டம் விழும். கிருமி முரடாக இருந்தால் வட்டம் விழாது. வட்டம் விழாத ஒரு தட்டுக்காக அவர் வருஷக்கணக்கில் காத்திருந்தார்.

அந்த ஆனி மாதம் அது கிடைத்தது. குளத்துத் தண்ணீரில் எடுத்த ஒரு கிருமி, எட்டுப் புட்டி வில்லைகளில் இருந்த எட்டு மருந்துக்கும் அசையவில்லை. முதல்வர் கைகொடுத்தார். வரதராஜுலு துறை முழுக்கக் காரச்சேவு வாங்கிக் கொடுத்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதுவான கிருமி வேண்டுமே. ஃபிரிட்ஜில் வைத்திருந்தது கோடை மின்வெட்டில் செத்துப் போயிருந்தது. புதிதாக அனுப்பும்படி டெல்லிக்கு எழுதினார், பதில் இல்லை. சரி, கிடைத்ததை எடுப்போம் என்று ஆய்வுக்கூடத்துக் குழாயில் எடுத்தார். வட்டம் விழவில்லை. தன் கட்டைவிரலை ஒற்றிப் பார்த்தார். விழவில்லை. வீட்டுக் குடத்தில் எடுத்தார். விழவில்லை. இப்போது இட்லி மாவு.

"ஊர் முழுக்கப் பரவிப்போச்சு, வரலு," என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "பேப்பர்ல எழுதோணும். கலெக்டர்கிட்டச் சொல்லோணும்."

"ஞாயித்துக்கெழம உடுமலப்பேட்டைல இருந்து பொண்ணு பாக்க வாராங்க. அது முடியட்டும், அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. அதுவரைக்கும் வாயைத் தொறக்கப்படாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மகள் சுசரிதாவுக்கு இதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயிருந்தன. இந்தப் பையனின் போட்டோவை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டால், "எங்கியோ வெச்சுட்டேன்ப்பா," என்றாள்.

வரதராஜுலு வாயைத் திறக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தார். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், தட்டு, கரண்டி, சாமி விளக்கு என்று எல்லாம் கொதித்தன. மாதக் கடைசிவரை வரவேண்டிய காஸ் அந்த வாரமே தீர்ந்தது.

"சிறுவாணித் தண்ணியக் காச்சிக் குடிக்கிற மொத ஆளு நீங்கதானுங்க," என்றாள் வரலட்சுமி. "வெளிய சொல்லீராதீங்க. ஊரை உட்டே தள்ளி வெச்சுருவாங்க."

அந்த நாட்களில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அட்டெண்டர் பாலுசாமி. மில்லை மூடிய பிறகு கல்லூரி வேலைக்கு வந்தவர். வந்த புதிதில், கோடையில், எதுவோ காலியாக இருந்ததற்காக வரதராஜுலு கூரை இடியக் கத்தினார். "என்ன, ஏதுன்னு எங்கிட்டக் கேக்காதே. இங்க ஒண்ணும் தீரக்கூடாது, அவ்வளவுதான்." அதிலிருந்து அங்கே எதுவும் தீர்ந்ததில்லை. சோப்பு, பஞ்சு, சிவப்பு மை, வில்லை, ஸ்பிரிட் எல்லாம் விளிம்புவரை நிறைந்திருக்கும்.

"நீ இல்லீன்னா நான் என்ன பண்ணுவேன், பாலுசாமி."

"எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க, சார்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். உடுமலையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் சீனிவாசலு, அவர் மனைவி ராமாமணி, பம்பு கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். வரதராஜுலு யாருக்கும் தெரியாமல் கேசரியை மறுபடி மறுபடி சூடாக்கியிருந்தார். சீனிவாசலு வைத்த ஸ்பூன் அதில் நட்ட கம்பம்போல் நின்றது.

"கேசரி நல்லா உறுதியா இருக்குதுங்க," என்றார் அவர், மரியாதையாக. "எனக்கு ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணி குடுத்தாப் போதும். கோயமுத்தூர் வந்தா அதுதானுங்க எனக்கு விருந்து."

டம்ளரில் ஆவி பறக்க வந்தது. சீனிவாசலு அதை ஊதி ஊதிக் குடித்தார்.

இருந்தும் பெண்ணைப் பிடித்துவிட்டது. சுசரிதா தலை நிமிரவில்லை, ஆனால் பையன் உட்கார்ந்த இடம் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. எல்லோரும் எழுந்தபோது வரதராஜுலு சட்டைப்பையிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்து, பையன் குடித்த டம்ளரின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். ராமாமணி திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"அது என்னங்க, எங்க பையன் குடிச்ச டம்ளர்ல குச்சிய உட்டு ஆட்டறீங்க?"

"எறும்புங்க," என்றாள் வரலட்சுமி.

"எறும்புதானுங்க," என்றார் வரதராஜுலு.

ராமாமணி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். எறும்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை தட்டைப் பார்த்தார். மாப்பிள்ளையைச் சுற்றியும் வட்டம் விழவில்லை.

அவரால் பொறுக்க முடியவில்லை. விஷயத்தை மறைத்துப் பெண்ணைக் கொடுப்பது பாவம் என்று பட்டது. வீட்டில் சொல்லாமல் எஸ்டிடி பூத்துக்குப் போய் மண்டிக்குப் போன் போட்டார். எல்லோரிடமும் இருப்பதுதான், பயப்பட வேண்டாம், ஜாக்கிரதையாக மட்டும் இருங்கள் என்று முடிப்பதாக இருந்தார்.

"உங்க பையன்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க. எந்த மருந்துக்கும் கேக்காது," என்று ஆரம்பித்தார். லைன் அறுந்தது. அதற்கப்புறம் எத்தனை முறை சுற்றியும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது.

"ஏனுங்க ப்ரொபசர், என்ன மனுசனுங்க நீங்க? மருந்தே கேக்காத சீக்குன்னு சொல்லிப்போட்டு டொக்குன்னு வெச்சுட்டீங்க. ராமாமணி அழுத அழுகைல மண்டி ஆளுங்க எழவு உளுந்துருச்சுன்னு வந்துட்டாங்க. பையன் குப்புறப் படுத்தவன் எந்திரிக்கவேயில்ல. எங்க, காட்டுங்க பாக்கலாம்."

வரதராஜுலு தட்டுகளை வரிசையாக வைத்தார். சீனிவாசலு காய் தரம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"இது?"

"உங்க பையனுங்க."

"இது?"

"எங்கூட்டு இட்லி மாவுங்க."

"ரெண்டும் ஒண்ணாட்டந்தானுங்களே இருக்குது."

"அதுதானுங்க நானும் பயப்படறேன்."

சீனிவாசலுவின் குரல் இறங்கியது. "எங்கிட்டயும் இருக்குங்களா?"

"இருக்குமுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "இதப் பாருங்க. உங்க பொண்ணு தங்கமுங்க. ஆனா இப்பிடி ஒரு பயத்தை மடில கட்டிக்கிட்டுக் கல்யாணம் பேச முடியாது. எங் கைய எடுத்து வெச்சுப் பாருங்க. ஒரே ஒரு வட்டம் உளுந்தாப் போதும், நாளைக்கே நிச்சயம் பண்ணிப்போடலாம். இல்லீன்னா நான் பையனைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போறேன். இந்தப் பேச்சை இத்தோட உட்ருவோம்."

வரதராஜுலுவுக்குச் சுசரிதா திருப்பித் தராத போட்டோ ஞாபகம் வந்தது. சீனிவாசலுவின் விரலைப் புதுத் தட்டில் ஒற்றிவிட்டு, வில்லைப் புட்டியைத் திறந்தார்.

காலி. அடுத்த புட்டியும் காலி. ஊரையெல்லாம் சோதித்ததில் எட்டும் தீர்ந்திருந்தன. காதுகள் சிவந்தன.

"பாலுசாமி. வில்லை எங்கே?"

பாலுசாமி பதறிக்கொண்டு ஓடிவந்தார். "மன்னிக்கோணுங்க, சார். இத்தன நாளும் தீர உட்டதேயில்ல. இன்னைக்குத்தான் அசந்துபோட்டேன். இதா, ஒரு நிமிசம்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை வடிதாளையும் பஞ்சிங் மிஷினையும் எடுத்தார். கடக், கடக், கடக். குட்டிக் குட்டி வட்டங்கள் பொரிபோல உள்ளங்கையில் உதிர்ந்தன. முதல் புட்டியில் கொட்டினார். மிச்சத்தை அடுத்த புட்டியில் கொட்டினார். விளிம்புவரை நிரப்பி, மூடி, பேராசிரியர் முன்னால் பணிவாக நகர்த்தி வைத்தார்.

வரதராஜுலுவின் காதிலிருந்த சிவப்பு மெல்ல வடிந்தது.

"பாலுசாமி," என்றார் ஈனமான குரலில். "மருந்து?"

பாலுசாமி புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மருந்து வேற போடோணுங்களா, சார்?"