எட்டுக் கட்டம் காலி

"சார், இங்கே ஒரு எட்டுக் கட்டம் காலியா இருக்கே" என்றாள் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்த ஆய்வுப் பெண்.

லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். அவள் மடியிலிருந்த டேப்லெட்டில் அவருடைய ஆயுள் ஒரு நீளப் பட்டையாகப் படுத்திருந்தது. மாதத்துக்கு ஒரு கட்டம். படித்த காலம் நீலம், வேலை பார்த்த காலம் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே, பால்பல் விழுந்த குழந்தை சிரிப்பதைப் போல, எட்டுக் கட்டம் மட்டும் வெள்ளையாக இளித்துக்கொண்டிருந்தது.

"அது மெஷின் கோளாறா இருக்கும்மா. ஒரு தடவை அணைச்சுப் போடு."

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோகும் லிஃப்டுகளுக்கு அவர் முதலில் பார்க்கும் வைத்தியம் அதுதான். அவள் அணைத்துப் போட்டாள். இளிப்பு அப்படியே இருந்தது.

"எடை மெஷின் கம்பெனி மூடின மாசத்தையும் நீங்கதான் சொன்னீங்க, லிஃப்ட் கம்பெனியில சேர்ந்த மாசத்தையும் நீங்கதான் சொன்னீங்க. நடுவுல என்ன பண்ணினீங்க சார்?"

நடுவில் என்ன செய்தார் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கம்பெனிக்குப் பூட்டுப் போட்ட அதே நாளில்தான் மனைவி தலைசுற்றி விழுந்தாள். மாசமாக இருக்கிறாள், அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வாயில் வந்த செய்தியை அப்படியே விழுங்கிக்கொண்டார். மறுநாள் வழக்கம்போல ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். வேலை இல்லையே தவிர, கிளம்புவதில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. குழந்தை பிறந்த வாரம் லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது. பொய்யை அதோடு புதைத்திருக்கலாம். ஆனால் மனிதர் அதன் மேல் மாடி கட்டினார்.

"பயிற்சிப் பள்ளியை விட்டு வந்த நாள்லேருந்து இந்தக் கை ஒரு நாள் சும்மா இருந்ததில்லை" என்பது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்பு மாதிரி. தினமும் உண்டு. கேட்டுக் கேட்டு வளர்ந்த மகள் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். பாப்பா என்று பெயர். வயது இருபத்துநாலு. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இந்த ஆய்வு அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சொல்லவேண்டிய ஆய்வு என்பதால், தன் பங்கை அவள் முதலிலேயே முடித்துவிட்டாள். கொஞ்சம் நீலம், அப்புறம் இன்றைய தேதிவரை ஒரே பச்சை. நாற்று நட்ட வயல் மாதிரி இருக்கிறது என்று லிஃப்ட்காரர் அதைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார். அந்த வயலுக்குப் பக்கத்தில் இந்த ஓட்டைப் பல்லை எப்படி வைப்பது?

"கம்பெனி மூடின மாசத்தைத் தப்பாச் சொல்லிட்டேன்ம்மா. எட்டு மாசம் தள்ளிப் போடு."

அவள் தள்ளினாள். வெள்ளை மறைந்தது. லிஃப்ட்காரர் மூச்சு விட்டார். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"கம்பெனி மூடின அன்னிக்குத்தானேங்க நான் மாசமா இருக்கறது தெரிஞ்சது?"

"அப்படியாம்மா? ரெண்டையும் கட்டிடறேன்" என்றாள் ஆய்வுப் பெண் உற்சாகமாக.

"எதை எதோட கட்டறே?"

"ஜனங்களுக்குத் தேதி ஞாபகம் இருக்காது சார். எதோட எது நடந்ததுங்கறது ஞாபகம் இருக்கும். அதனால ரெண்டையும் கட்டிடுவோம். ஒண்ணை நகர்த்தினா இன்னொண்ணும் கூடவே நகரும்." சொல்லிக்கொண்டே கட்டினாள். டேப்லெட் ஒரு தடவை இருமிவிட்டுச் சிவந்தது. அவள் புருவம் சுருங்கியது.

"சார், உங்களுக்கு ரெண்டாவதா ஒரு குழந்தை இருக்கா?"

"இல்லையே."

"பாப்பா பிறக்கற மாசத்துலதான் அம்மா மாசமா இருக்கறது தெரியுதுன்னு வருது. அதனால மெஷின் அதை வேற குழந்தைன்னு எடுத்துக்குது."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். அவருக்கு எப்படின்னு அவரைத்தான் கேட்கணும்."

"சும்மா இரு. ஏம்மா, பழையபடி போட்டுடு. கம்பெனி மூடினது சரிதான். லிஃப்ட் கம்பெனியில சேர்ந்ததுதான் தப்பு. அதை எட்டு மாசம் முன்னாடி இழு."

"நீங்க சொல்றதை அப்படியே போடணும், நானா எதையும் மாத்தக் கூடாதுன்னு எங்க பேராசிரியர் சொல்லியிருக்காங்க" என்று பொறுமையாக இழுத்தாள் அவள். வெள்ளை மறைந்தது. இந்தத் தடவை லிஃப்ட்காரர் மூச்சை விடாமல் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா பிறந்த வாரம்தானேங்க அங்கே சேர்ந்தீங்க? குழந்தை வந்த ராசின்னு நீங்களே ஊரெல்லாம் சொன்னீங்களே."

"கட்டிடறேம்மா."

"கட்டாதே" என்றார் லிஃப்ட்காரர். அவள் கட்டிவிட்டாள். பாப்பாவின் பிறப்பு எட்டுக் கட்டம் முன்னால் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. பிறப்போடு கூடவே மசக்கையும் வழுக்கியது. மசக்கை வழுக்கிய வேகத்தில் ஒரு கோட்டைத் தாண்டிப்போய்த்தான் நின்றது. அது என்ன கோடு என்று சொல்ல ஆய்வுப் பெண் கூச்சப்பட்டாள்.

"வந்து... கல்யாணத்துக்கு முன்னாடின்னு காட்டுது."

"எது?" என்றாள் மனைவி.

"பாப்பா உண்டானது."

மனைவி போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இது எங்கெல்லாம் போகும்மா?"

"எங்கேயும் பேர் வராதும்மா. வெறும் எண்தான்."

"எண்ணுன்னா மானம் கிடையாதா?" மனைவி கணவரின் பக்கம் திரும்பினாள். "என்னங்க, உங்களைப் பத்திக் கேட்டா உங்களைப் பத்திச் சொல்ல வேண்டியதுதானே. என்னை எதுக்கு இழுக்கறீங்க?"

"நான் இழுக்கலை. மெஷின் இழுக்குது. ஏம்மா, கல்யாணத்தையும் கொஞ்சம் முன்னாடி இழுத்துடு, சரியாப் போயிடும்."

ஒரு கயிறு அறுந்தால் இன்னொரு கயிறு தாங்கும் என்பது லிஃப்டில் உண்மை. வாழ்க்கையில் ஒரு கயிற்றை இழுத்தால் எல்லாக் கயிறும் கூடவே வருகிறது என்பதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டிருந்தார். கல்யாணம் முன்னால் போனது. சிவப்புக் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது.

"எத்தனை மாசம் முன்னாடி போட்டே?" என்று மனைவி குனிந்து பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"நான் வேலை பார்த்த கிடங்குல எடை மேடை கோளாறுன்னு வந்தீங்களே, அன்னிக்குத்தான் நான் உங்களை முதல்ல பார்த்தேன். அது இதுக்கு அப்புறம்."

"அதனால என்ன?"

"அப்ப இந்தக் கட்டத்துல நீங்க கட்டிக்கிட்டது யாரை?"

"அடக் கடவுளே, உன்னைத்தான்."

"பார்க்காமலேயா? முதல்ல எனக்குத் தெரியாத ஒரு குழந்தைன்னு வந்தது. இப்ப எனக்குத் தெரியாத ஒரு கல்யாணம். மெஷினுக்கு என்ன, உங்க மேல பகையா?"

லிஃப்ட்காரருக்கு ஒரு கணம் தான் யாரைக் கல்யாணம் செய்துகொண்டோம் என்பதே குழம்பிவிட்டது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார். அந்தக் கிடங்குச் சந்திப்பையும் முன்னால் இழுக்கச் சொன்னார். சந்திப்பு இழுக்கப்பட்டது. கம்பெனி ஆளாகத்தான் அங்கே போனார் என்பதால், எடை மெஷின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் கூடவே வந்தது. அது போய்ப் பயிற்சிப் பள்ளியின் நீலத்தில் முட்டி, நீலத்தைப் பாதியில் கடித்தது. பட்டை முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்பு.

ஆய்வுப் பெண் கணிப்பொறிக்கே உரிய நிதானத்தோடு வாசித்தாள். "சார், இப்போதைக்கு உங்க வாழ்க்கை இதுதான். நீங்க படிப்பை முடிக்கலை. முடிக்காமலே வேலைக்குச் சேர்ந்து, மூடாத கம்பெனியை விட்டு, வேறொரு கம்பெனிக்குப் போயிருக்கீங்க. உங்க பொண்ணு அவங்க பிறந்த தேதிக்கு எட்டு மாசம் முன்னாடியே பிறந்துட்டாங்க."

"அந்த முதல் பொண்டாட்டி என்ன ஆனா?" என்றாள் மனைவி.

பாப்பா அப்பாவின் பட்டையையே பார்த்துக்கொண்டு, விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். தன்னைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாளோ என்று லிஃப்ட்காரரின் காது சுட்டது.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் ஆய்வுப் பெண். "எங்க கணினிக்கு ஒரு வேலைதான் நல்லாத் தெரியும். ஒரு பட்டையை இன்னொரு பட்டையா மாத்தணும்னா எத்தனை வெட்டு, எத்தனை ஒட்டு வேணும்னு கணக்குப் போடும். குறைச்சலா வெட்டி ஒட்டினா போதும்னா, அந்த ரெண்டு பேர் வாழ்க்கையும் ஒரே மாதிரின்னு அர்த்தம். உங்களையும் பாப்பாவையும் அப்படித்தான் ஒப்பிடப் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி உங்க பட்டை உங்களோடயே ஒத்துப்போகணும் இல்லையா? இருக்கறதுலேயே சின்னத் திருத்தம் எதுன்னு அதையே கேட்டுப் பார்க்கறேன்."

கேட்டாள். முன்னோட்டத்தில் எல்லாக் கட்டங்களும் தத்தம் பழைய இடத்துக்கு ஓடிக் காட்டின. அந்த எட்டுக் கட்டம் மட்டும் மினுக்கியது. அவற்றில் சாம்பல் நிறத்தைப் போட்டால் போதும், வேறெதையும் தொடவேண்டாம் என்றது கணினி.

"சாம்பல்னா என்னம்மா?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

"வேலை இல்லாம இருந்த காலம் சார்."

"அதெல்லாம் கிடையாது. இந்தக் கை ஒரு நாள்..."

"சாம்பலே போடும்மா" என்றாள் மனைவி.

லிஃப்ட்காரர் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றார்.

"என்ன பார்க்கறீங்க? கம்பெனியில இருந்தவரைக்கும் நீங்க தொட்ட கதவு, தொட்ட டம்ளர் எல்லாத்துலயும் கிரீஸ் இருக்கும். அந்த எட்டு மாசம் உங்க சட்டையை ஊறவைக்காமலே துவைச்சேன். கம்பெனி என்னிக்கு மூடினதுன்னும் அப்பவே விசாரிச்சுட்டேன். இது தெரியாமலா குடும்பம் நடத்தினேன்?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீ வயித்துப் பிள்ளைக்காரி. அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொன்னார்."

"நீங்க வயித்துப் பிள்ளைக்காரியோட புருஷன். உங்களுக்கு மட்டும் அதிர்ச்சி ஆகுமா? தானாச் சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லலை. சரி, வேலை கிடைச்சுடுச்சு, போகட்டும்னு விட்டேன். அப்புறம் பார்த்தா சாப்பாட்டு மேசையில பிரசங்கம் ஆரம்பிச்சுட்டீங்க. இருபத்துநாலு வருஷம் கேட்டிருக்கேன். என் காதுக்கு ஒரு பட்டை போட்டா அது முழுக்கச் சாம்பல்தான்."

ஆய்வுப் பெண் எட்டுக் கட்டத்திலும் சாம்பலைப் போட்டாள். சிவப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. கல்யாணம் கல்யாணத்தின் இடத்துக்கு வந்தது. பாப்பா பிறக்கவேண்டிய வாரத்தில் பிறந்தாள். இல்லாத குழந்தையும் இருந்திராத மனைவியும் சத்தமில்லாமல் வெளியேறினார்கள்.

"எங்கேதான் போய் உட்கார்ந்திருந்தீங்க அத்தனை நாளும்?" மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"பொது நூலகம். ரெண்டாவது மாடி. பழைய செய்தித்தாளெல்லாம் கட்டி வெச்சிருப்பாங்களே, அந்த மூலை. யாரும் வரமாட்டாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "கதவு எப்படா சாத்துவாங்கன்னு இருக்கும். சாத்தினப்புறம் இன்னிக்கும் ஒண்ணும் நடக்கலையேன்னு இருக்கும்."

மனைவி அவர் தோளில் கையை வைத்தாள். பிறகு வெளியாள் இருப்பது ஞாபகம் வந்து, சட்டைக் காலரைச் சரிசெய்வது போல எடுத்துக்கொண்டாள்.

ஆய்வுப் பெண் இரண்டு பட்டைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தாள். மேலே சாம்பல் படிந்த அப்பா. கீழே பச்சைப் பசேலென்று மகள். "ரெண்டும் அவ்வளவா ஒத்துப்போகலை சார்" என்றாள், ஏதோ வியாதியைச் சொல்வதுபோல.

"ஒத்துப்போகாம இருக்கறதே நல்லது" என்றார் லிஃப்ட்காரர். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மகளின் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்குத் தலை நிமிரவில்லை. "பாப்பா, இத்தனை நாள் அப்பா சும்மா பீத்திக்கிட்டேன். உன்னோடதுல ஒரு கறை இல்லை. அப்பாவை மனசுல வெச்சுக்காதே."

பாப்பா வாயிலிருந்து விரலை எடுத்தாள்.

"அப்பா, அந்த நூலகத்துல நீங்க மத்தியானச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீங்க? நாலு மாசமா நான் அங்கே எந்த மூலையில டப்பாவைத் திறந்தாலும் எழுப்பி விட்டுடறாங்க."