அதே அட்டை

என் வாயாடி ராஜாவுக்கு,

உங்கள் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நலமா என்று கேட்பது முறையுமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் போன மூன்றாம் வாரம் ரெக்கார்டிங் ரூமில் இருந்த சர்வர் பெட்டி கீகீயென்று கத்திவிட்டு நின்றுபோனது. ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு, ஒன்று போனாலும் மற்றது ஓடும் என்று பெருமையடித்தீர்களே, உங்கள் வயிற்றுவலியை வெறும் வாயு என்று சொன்ன அதே வாயால். டிஸ்க் ரெண்டும் நல்லாத்தான் இருக்காம், அதுகளைக் கட்டி மேய்த்த கன்ட்ரோலர் அட்டைதான் செத்துப்போச்சாம். மெக்கானிக் ஒருத்தர் வந்தார், சட்டையில் ஒரு தூசி இல்லை, வேலை செய்கிறவர் சட்டையா அது?

"புது அட்டை போட்டுடலாம்மா, எல்லாம் அதுவே பாத்துக்கும்."

"அதுவும் செத்தா?"

"டிஸ்க்கப் படிக்க மறுபடி அதே மாடல் வேணும். இந்தப் பழசுக்கெல்லாம் இப்ப வர்றதே இல்லம்மா."

அதே மாதிரி இன்னொன்று கிடைக்காது என்பதை எனக்கு ஒருத்தர் வந்து சொல்ல வேண்டுமா?

பிறகு உங்கள் தம்பி வேறொருத்தரைக் கூட்டிவந்தார், சாஃப்ட்வேர்க்காரராம். "அட்டையே வேணாம்க்கா, சாஃப்ட்வேரே ரெண்டுலயும் எழுதிடும். பெட்டி போனாலும் டிஸ்க்கக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டிக்கலாம்" என்றார். கண்ணுக்கே தெரியாதது வேலை செய்தால் நான் எதைத் தட்டிப் பார்ப்பது? உங்கள் தம்பி வேறு தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் தலையாட்டினால் எனக்குச் சந்தேகம் ரெட்டிப்பாகும், உங்களுக்கே தெரியும். மெக்கானிக்கும் இவரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: புது அட்டையோ சாஃப்ட்வேரோ, டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கணுமாம். நீங்கள் பேசிக்கொடுத்த கடை அறிவிப்பெல்லாம் போகட்டும். தினமும் காலையில் மைக்கைத் தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏம்மா, கதவச் சாத்து" என்பீர்களே, அது அதில்தான் இருக்கு. வேறெங்கேயும் இல்லை.

இனி நம் மகள் ரூமை நடத்த வேண்டுமே. சாஃப்ட்வேர்க்காரரையே வரச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அழிக்கிறார். மன்னிச்சிடுங்க. அங்கே பெரியவர்களைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
கதவைச் சாத்திச் சாத்தி அலுத்தவள்

பி.கு.: அழிக்க வேண்டாம், மாட்ட மட்டும் வாங்க என்று இப்போதுதான் போன் செய்தேன். ரூமை ஒழிக்கும்போது மைக் பெட்டிக்கு அடியில் பிரிக்காத அட்டை ஒன்று கிடைத்தது. அதே மாடல். உங்களை நம்பாமல் நம்பரை எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்த்தேன். மேலே உங்கள் கையெழுத்து: "பழசு செத்தா இதை மாட்டச் சொல்லு. பதறாதே." ஏங்க, இதை எப்போ வாங்கினீங்க, டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாலயா, பார்த்துட்டு வந்து "வெறும் வாயு"ன்னு சொன்னதுக்குப் பிறகா?