பயோ இல்லாத பள்ளிக்கூடத்தில் நான் பயோ கேட்டது

சிலருக்குச் சீனி வருத்தம் பரம்பரையாக வரும். எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது 'ஓம்' வருத்தம். யார் எதைக் கேட்டாலும் வாய் தானாகச் சம்மதித்து 'ஓம்' என்று சொல்லிவிடும். (அப்பா ஒரே காலையில் இரண்டு பேருக்கு உழவு மெஷின் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, இருவரும் வந்து படலையில் நிற்க, பின்பக்க வேலியால் வெளியேறியவர்.) இல்லை என்று சொல்லத் தெரியாதவனை ஊர் நல்ல பிள்ளை என்று சொல்லும். நானும் அதை நம்பித்தான் பதினாறு வயதுவரை வளர்ந்தேன். உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்த அன்று அந்த நல்ல பிள்ளை செய்த வேலையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எங்கள் பள்ளிக்கூடம் பரந்தனில் இருந்து உள்ளே போகும் றோட்டில் இருந்தது. உயர்தரத்தில் கலையும் கொமர்ஸும் மட்டும்தான். விஞ்ஞானம் (டொக்டராக வர எடுக்கும் பயோ எல்லாம் அதற்குள்தான்), ரெக்னோலொஜி படிக்க வேண்டுமென்றால் கிளிநொச்சிக்குப் பஸ் ஏற வேண்டும். சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது எனக்குப் புவியியலில் ஏ. மற்றவையெல்லாம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. விஞ்ஞானத்தில் ஒரு சி இருந்தது. அது எப்படி வந்தது என்று எனக்கும் தெரியாது, விஞ்ஞானம் படிப்பித்த சேருக்கும் தெரியாது.

புவியியல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் எங்கள் வயல். வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் எல்லாருடைய வயலும் நிறைந்த பிறகுதான் எங்களுடையதுக்கு வரும். எங்களுக்கு முன்னால் உள்ள வயல்காரர் மறித்துவிடுகிறார் என்று அப்பா பல வருடங்களாக அவரோடு கதைபேச்சு இல்லை. பத்தாம் வகுப்பில் புவியியல் ரீச்சர் சமவுயரக் கோடுகள் படிப்பித்தார். ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்துக் கோடு கீறினால் நிலத்தின் மேடு பள்ளம் கடதாசியில் தெரிந்துவிடும். ஒரு சனிக்கிழமை நானும் தடியும் கயிறும் தண்ணீர் நிரப்பிய ரியூப் மட்டமுமாக வயல் முழுக்க நடந்து எங்கள் பக்கத்தைக் கீறினேன். எங்கள் வயல் மற்றவற்றைவிட ஒரு முழம் உயரம். தண்ணீர் மேலே ஏறாமல் நின்றதற்கு யாரும் மறிக்கத் தேவையே இருக்கவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப அவனில பிழை இல்லையோ?" என்றார். இத்தனை வருடப் பகை வீணாகப் போன கவலை அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

ரீச்சரோ அந்தப் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டினார். அவர் வவுனியாவைச் சேர்ந்தவர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து இருந்தார். உயர்தரக் கலைப்பிரிவில் புவியியலும் தொடங்க வேண்டும் என்று அதிபரிடம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் சம்மதம் வாங்கியிருந்தார். ஆறு பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்பு, ஒன்று குறைந்தாலும் இல்லை என்பது அதிபரின் கணக்கு.

"அஞ்சு பேர் இருக்கினம் தம்பி. நீர் வந்தீரெண்டால் வகுப்புத் திறக்கலாம்" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர்" என்றேன். இந்த ஓம் மட்டும் பரம்பரை வருத்தத்தால் வந்ததல்ல, மனதால் வந்தது. அந்த ஐந்து பேரில் ஒருத்தி யசோ. புவியியல் ரீச்சராக வருவேன் என்று ஏழாம் வகுப்பில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். "வருவீர்தானே? பேந்து மாறக்கூடாது" என்று அவள் தனியாக வந்து கேட்டாள். அவளுக்கும் ஓம்.

இதோடு நின்றிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திராது.

அம்மாவுக்கு நான் பாங்கில் இருக்க வேண்டும். மீளக்குடியேறி வந்த காலத்தில் அவர் ஒருமுறை பாங்க் வாசலில் வெயிலில் வரிசையில் நின்று மயங்கி விழப் பார்த்திருக்கிறார். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெடியன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஏசிக் குளிருக்குள் இருந்தானாம். அந்தக் கதிரையில் என்னை இருத்திப் பார்க்கும் ஆசை அன்றைக்கு வந்தது. "கொமர்ஸ்தானே எடுக்கிறாய் ராசா?" என்று சோறு போடும்போது கேட்டார். வாயில் சோறு இருந்தது. தலையை ஆட்டினேன்.

பிறகு சுதன். என் கூட்டாளி. கிளிநொச்சிக்குப் போய் ரெக்னோலொஜி படிக்கத் துடித்துக்கொண்டிருந்தான். தனியே பஸ்ஸில் விடமாட்டேன் என்று அவனுடைய தகப்பன் ஒற்றைக் காலில் நின்றார். "மச்சான், நீயும் வாறாய் எண்டு அப்பாட்டச் சொல்லிப்போட்டன். மானத்தை வாங்கிப்போடாதை" என்றான். சொல்லியேவிட்டான், பிறகு என்ன செய்வது? ஓம்.

மூன்று பேரும் மூன்று இடத்தில் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் சந்திக்கவா போகிறார்கள் என்று நினைத்தேன். (பதினாறு வயது மூளை. மன்னியுங்கள்.)

எங்கள் அதிபருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாடத் தெரிவை அவர் அலுவலகத்தில் வைத்துச் செய்யமாட்டார். பெற்றோரையும் ஆசிரியர்களையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக மேடையில் ஏற்றி, மைக்கில் சொல்ல வைப்பார். "ஊருக்கு முன்னால சொன்ன பிள்ளை பேந்து பாடம் மாறாது" என்பது அவருடைய கொள்கை. கொமர்ஸ் என்று சொன்ன பிள்ளைக்குப் பெற்றோர் கை தட்டினார்கள். கிளிநொச்சிக்குப் போகிறேன் என்ற பிள்ளைக்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். கலை என்று சொன்ன பிள்ளை மேடையை விட்டு இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. யசோ மட்டும் மைக்கை வாய்க்குக் கிட்ட இழுத்து, "புவியியல்" என்று மண்டபம் அதிரச் சொல்லிவிட்டு, யாரும் தட்டாததைக் கவனிக்காதவள் மாதிரி இறங்கிப் போனாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையில் ஏறி நிமிர்ந்தால் முன் வரிசையில் அம்மா, கோயிலுக்கு மட்டும் கட்டும் சேலையில். அவருடைய உதடு 'கொமர்ஸ்' என்று சத்தமில்லாமல் அசைந்தது. நடு வரிசையில் சுதன் தகப்பனுக்கு என்னைக் காட்டிக்கொண்டிருந்தான். தகப்பன் என்னைப் பார்த்துக் கை அசைத்தார். சுவரோரமாக ரீச்சர், பக்கத்தில் அந்த ஐந்து பேர். ரீச்சர் சிரித்தார். அவர் எதையும் கேட்கவில்லை, எனக்கு ஞாபகப்படுத்தவும் இல்லை. நம்பி நின்றார்.

மைக் கீச்சிட்டது. தொண்டைக்குள் மூன்று சொல்லும் ஒரே நேரத்தில் வந்து முட்டுப்பட்டன. எதைச் சொன்னாலும் இரண்டு முகம் வாடும். எனக்கு விருப்பமான சொல் அந்த மூன்றில் ஒன்று என்பதே மறந்துபோயிற்று. யாருக்கும் வாக்குக் கொடுக்காத ஒரு பாடம் கிடைத்தால் தப்பலாம் என்று என் அறிவு அந்த நேரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தது.

"பயோ" என்றேன்.

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தம்பி?"

"பயோ, சேர்."

"எங்கட பள்ளிக்கூடத்தில பயோ இல்லையே!"

"ஓம் சேர்."

கடவுள் எனக்குத் தந்த கடைசி வாய்ப்பு அது. அதிபர் நல்ல மனுசன். "பதறாமல் யோசிச்சுச் சொல்லும். கொமர்ஸோ, ஆர்ட்ஸோ?" என்று மைக்கை மறுபடி என் பக்கம் திருப்பினார். நானும் வாயைத் திறந்தேன். இந்தமுறை சரியான சொல்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குள் அம்மா எழும்பிவிட்டார்.

"வேண்டாம் சேர், கேளாதேங்கோ! பிள்ளை டொக்டருக்குப் படிக்க ஆசைப்படுது. எனக்குக்கூட ஒரு சொல் சொல்லாமல் மனசுக்குள்ள வைச்சிருந்திருக்கு. நான் கிளிநொச்சிக்கு அனுப்பிறன்!"

அம்மாவின் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் இருந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்தார்கள். அதிபர் விஞ்ஞானத்தில் என்ன பெறுபேறு என்று கேட்டார். அந்தப் பாழாய்ப்போன சி வந்து காட்டிக் கொடுத்தது. பயோ எடுக்க ஒரு சி போதுமாம், "அது காணும்" என்றார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. அன்று முழுநாளும் யாருக்கும் அவ்வளவு பலமாகத் தட்டவில்லை.

சுதனுக்குக் குறையில்லை. பயோவோ ரெக்கோ, பஸ் ஒன்றுதான், தகப்பன் சம்மதித்துவிட்டார். அம்மாவுக்குக் கேட்டதைவிடக் கூடவே கிடைத்தது. தோற்றது சுவரோரம் நின்றவர்கள்.

கூட்டம் முடிந்து சைக்கிள் எடுக்கப் போகும்போது ரீச்சர் எதிரே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"டொக்டராக வாறது நல்ல விசயம் தம்பி. கவனமாப் படியும். என்னை நினைச்சுக் கவலைப்படாதையும்" என்றார்.

எனக்குப் புவியியல்தான் வேணும் ரீச்சர் என்று சொல்லத்தான் நின்றேன். வாயில் இருந்து வந்தது என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வகுப்புத் திறக்கவில்லை. ஐந்து பேரும் கிடைத்த பாடங்களுக்குப் பிரிந்து போனார்கள். யசோவுக்கு இந்து நாகரிகம் என்ற பாடம் கிடைத்தது. ரீச்சர் அடுத்த வருடம் வவுனியாவுக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னுடைய வயல் படத்தைச் சுவரில் இருந்து கிழியாமல் கழற்றி, யசோவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நான் கிளிநொச்சியில் பயோ படித்த வரலாறு சுருக்கமானது. முதல் தடவை மூன்று பாடமும் எஃப். இரண்டாம் தடவை ஒன்றில் எஸ் (ஆகக் குறைந்த பாஸ்) வந்தது, அம்மா கோயிலில் பொங்கல் பொங்கினார். மூன்றாம் தடவை அந்த எஸ்ஸும் போய்விட்டது. "பிள்ளைக்கு மூளை கூடிப்போச்சு, அதுதான் எழுத ஏலாமல் கிடக்கு" என்று அம்மா ஊருக்கு விளக்கம் கொடுத்தார். ஊருக்கு நான் சேர்ந்த முதல் கிழமையிலேயே டொக்டர். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வயிறு ஊதிய ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து, "டொக்டர், ஒருக்காப் பார்" என்றார். பார்த்தேன். ஆடும் என்னைப் பார்த்தது. எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நல்லவேளை, அது தானாகவே சுகமாகிவிட்டது. அதோடு என் பெயர் இன்னும் பரவியது.

இப்போது பரந்தன் சந்தியில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். "மருத்துவத்துறையிலதான் இருக்கிறான்" என்பார் அம்மா.

யசோவைத்தான் பிறகு கலியாணம் கட்டினேன். (அதையும் அவள்தான் கேட்டாள். என்ன சொன்னேன் என்று தெரியும்தானே. என் வாழ்க்கையில் உருப்படியாக முடிந்த ஓம் அது ஒன்றுதான்.) அவள் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறாள். நல்ல ரீச்சர். ஆனாலும் சில நேரம் பின்னேரத்தில் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு, முன்பள்ளிச் சுவரில் உள்ள இலங்கைப் படத்துக்கு முன்னால் அவள் தனியாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போது நான் உள்ளே போகாமல் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு வெளியே நிற்பேன்.

வீட்டில் 'பயோ' என்பது இப்போது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. சந்தைக்குப் போகும்போது, "கத்தரிக்காயோ வெண்டிக்காயோ எண்டு கேட்டால் பயோ எண்டு சொல்லிப்போட்டு வந்திடாதேங்கோ" என்பாள் யசோ. எங்கள் மகளுக்கு ஆறு வயது. ஐஸ்கிறீம் கடையில் சொக்லேட்டோ வனிலாவோ என்று கடைக்காரர் கேட்க, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குப் பயோ" என்று சொல்லிச் சிரித்தவள்.

போன மாதம் அவள் என் மடியில் இருந்துகொண்டு கேட்டாள். "அப்பா, உண்மையா நீங்கள் என்ன படிக்க விரும்பினனீங்கள்?"

பகிடிக்குப் பயோ என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். யசோ சட்டை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "புவியியல் பிள்ளை" என்றேன். அந்தச் சொல்லை வீட்டுக்குள் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே? நான் என்ன வேண்டாமெண்டோ சொல்லியிருப்பன்? பாங்கும் டொக்டரும் எனக்கென்னத்துக்கு? நீ ஆசைப்படுறாய் எண்டுதானே அண்டைக்கு எழும்பினனான்."

ஒரு சொல்தான். மைக்கும் முன்னால் இருந்தது. அதிபர் இரண்டாம் தரமும் கேட்டார். யாரும் மறிக்கவில்லை. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வராததைப் போலத்தான்.

அம்மா மறுபடி குரல் கொடுத்தார். "தேத்தண்ணியோ, கோப்பியோ?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். யசோவும் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். எனக்கும் ரோசம் வந்தது. நெஞ்சை நிமிர்த்தி, "கோப்பி!" என்றேன்.

"ஐயோ தம்பி, தேத்தண்ணியெல்லோ ஊத்திப்போட்டன்."

"ஓம் அம்மா, அது காணும்" என்றேன்.